38, 81, 83, 25: திருச்சி நெடுஞ்சாலை எண்களின் வரலாறு

திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒன்பது பெரிய சாலைகள் கிளம்புகின்றன. வடக்கே சமயபுரம், பெரம்பலூர் வழியாக விழுப்புரம் போவது தேசிய நெடுஞ்சாலை 38. வடகிழக்கே லால்குடி, கல்லக்குடி வழியாகச் சிதம்பரம் செல்வது 81. கிழக்கே துவாக்குடி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினத்தை அடைவது 83. தென்கிழக்கே கீரனூர் வழியாகப் புதுக்கோட்டை செல்வது 336. தெற்கே விராலிமலை வழியாக மதுரைக்குப் போவது மறுபடியும் 38. தென்மேற்கே மணப்பாறை வழியாகத் திண்டுக்கல் செல்வது மறுபடியும் 83. மேற்கே காவிரியின் தென்கரையை ஒட்டிக் கரூர் செல்வது மறுபடியும் 81. மீதி இரண்டும் மாநில நெடுஞ்சாலைகள். காவிரியின் வடகரையில் முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல் செல்வது 25. மண்ணச்சநல்லூர், புலிவலம் வழியாகத் துறையூர் செல்வது 62.

மக்கள் வாயில் இவற்றில் ஒன்றுக்கும் எண் கிடையாது. கரூர் ரோடு, துறையூர் ரோடு, தஞ்சாவூர் ரோடு, சென்னை பைபாஸ் என்று ஊர்ப்பெயரே வழங்குகிறது. பேருந்தின் நெற்றியிலும் ஊர்ப்பெயர்தான். ஆனால் ஒரு சாலையில் பள்ளம் விழுந்தால் யார் அடைப்பது, பாலம் பழுதானால் பணம் எங்கிருந்து வரும், ஓரத்தில் வீடு கட்டுபவர் எந்த அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்பவற்றை எல்லாம் முடிவு செய்வது அந்தச் சாலையின் வகை. அந்த வகையின் அடையாளமே எண். திருச்சியின் சாலை எண்களை வரிசையாகப் படித்தால் முக்கால் நூற்றாண்டுச் சாலை நிர்வாகத்தின் வரலாறு கிடைத்துவிடும்.

எண்ணுக்கு முந்தைய சாலைகள்

சோழர் காலக் கல்வெட்டுகளில் பெரிய சாலைகள் 'பெருவழி' என்று குறிக்கப்படுகின்றன. அரசன் பெயராலோ, போய்ச் சேரும் நாட்டின் பெயராலோ அவை அறியப்பட்டன. கோவைக்கு அருகே பாறையில் பொறிக்கப்பட்ட இராசகேசரிப் பெருவழி முதல் வகை. கொங்கப் பெருவழி, தஞ்சாவூர்ப் பெருவழி ஆகியவை இரண்டாம் வகை. சாலைக்கு எண் இல்லாவிட்டாலும் தொலைவுக்கு எண் இருந்தது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவற்தாவளம் என்ற ஊர் 29 காதத் தொலைவில் இருப்பதாகச் சொல்கிறது. தொலைவைத் தமிழ் எண்ணால் எழுதியதோடு, படிக்கத் தெரியாதவருக்காகப் பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழிகளையும் ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சிறிய குழிகளையும் அந்தக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். வழிப்போக்கர்மேல் இவ்வளவு அக்கறை கொண்ட ஒரு வழிகாட்டியைப் பிற்காலத்தில் காண்பது அரிது.

மதுரை நாயக்கர்கள் காலத்தில் திருச்சி தலைநகராக இருந்தபோது தெற்கு நோக்கிய சாலை முக்கியம் பெற்றது. 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பை வகித்த ராணி மங்கம்மாள் சாலைகள் அமைத்து, மரம் நட்டு, சத்திரங்கள் கட்டினார். தென்மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் உண்டு.

கம்பெனி ஆட்சியிலும் அதன் பிறகும் சென்னையிலிருந்து தெற்கே வரும் பெருஞ்சாலை கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு எனப்பட்டது. ஜி.எஸ்.டி. ரோடு என்று சென்னையில் இன்றும் சொல்வது அதைத்தான். சென்னை மாகாணத்தில் மற்றச் சாலைகள் பெரும்பாலும் மாவட்ட போர்டுகள், தாலுகா போர்டுகளின் பொறுப்பில் இருந்தன. அவற்றுக்கான வருவாயில் ஒரு பங்கு சுங்கச்சாவடிகளில் மாட்டு வண்டிகளிடமும் குதிரை வண்டிகளிடமும் வசூலிக்கப்பட்டது. 1931இல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்ததும் பழைய சுங்கச்சாவடிகள் போயின. பெயர்கள் மட்டும் போகவில்லை. கொள்ளிடத்தின் வடகரையில் நம்பர் 1 டோல்கேட், நகருக்குள் டி.வி.எஸ். டோல்கேட். திருச்சி மக்கள் தினமும் வாயால் சொல்லும் ஒரே சாலை எண், இல்லாமல் போன ஒரு சுங்கச்சாவடியின் வரிசை எண்தான். சென்னைச் சாலை, நாமக்கல் சாலை, துறையூர்ச் சாலை மூன்றும் பிரியும் இடமாக அது இருப்பதால் பெயர் நிலைத்துவிட்டது.

நாக்பூரில் பிரிந்த வகைகள்

சாலைகளை நாடு முழுவதும் ஒரே அளவுகோலால் வகைப்படுத்தும் எண்ணம் 1920களில் தொடங்கியது. 1927இல் அமைக்கப்பட்ட ஜெயகர் குழுவின் பரிந்துரையால் 1929இல் மத்திய சாலை நிதி உருவானது. 1934இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பு தோன்றியது. இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1943 டிசம்பரில், மாகாணங்களின் தலைமைப் பொறியாளர்கள் நாக்பூரில் கூடி இருபது ஆண்டுத் திட்டம் ஒன்றை வகுத்தார்கள். தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்ற படிநிலை அங்கே பிறந்தது. மாகாண நெடுஞ்சாலைதான் பிறகு மாநில நெடுஞ்சாலை ஆனது. மாவட்டச் சாலை, முக்கியமானது, இதர வகை என்று இரண்டாகப் பிரிந்தது.

சென்னை மாகாணத்தில் 1946 ஏப்ரலில் நெடுஞ்சாலைகளுக்கெனத் தனித்துறை ஏற்பட்டது. 1947 ஏப்ரல் முதல் தேசிய நெடுஞ்சாலைகளின் செலவை மத்திய அரசு ஏற்றது. அரசியல் சட்டமும் இந்தப் பிரிவை உறுதி செய்தது. தேசிய நெடுஞ்சாலை மத்தியப் பட்டியலில், மற்றச் சாலைகள் மாநிலப் பட்டியலில். 1956இல் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் வந்தது. ஒரே ஊரில் இரண்டு எண் வரிசைகள் ஏன் ஓடுகின்றன என்பதற்கு இதுவே விடை. 38ஐத் தருவது டெல்லி. 25ஐத் தருவது சென்னை. கேரளத்தில் மாநில நெடுஞ்சாலை 1 என்றால் திருவனந்தபுரத்தின் கேசவதாசபுரத்திலிருந்து அங்கமாலிக்குச் செல்லும் எம்.சி. ரோடு. ஒவ்வொரு மாநிலமும் தன் 1ஐத் தானே வைத்துக்கொள்கிறது.

தேசிய நெடுஞ்சாலைகளின் முதல் எண் வரிசை டெல்லியிலிருந்து தொடங்கியது. டெல்லி-அமிர்தசரஸ் 1, டெல்லி-கல்கத்தா 2. வரிசை தெற்கே வந்து சேரும்போது எண் நாற்பதுகளைத் தொட்டுவிட்டது. சென்னையிலிருந்து திருச்சி வழியாகத் திண்டுக்கல் செல்லும் சாலைக்கு 45. கிருஷ்ணகிரி-ராணிப்பேட்டை 46, சேலத்திலிருந்து கோவை, கொச்சி வழியாகக் கன்னியாகுமரி 47, பெங்களூரு-மங்களூரு 48, கொச்சி-ராமேசுவரம் 49. அடுத்தடுத்த எண்கள் அடுத்தடுத்த நிலத்தில் விழுந்தன.

பிறகு சேர்ந்த சாலைகளுக்கு இடைவெளியில் எண் இல்லை. ஆகவே இரண்டு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று, தாய்ச் சாலையின் எண்ணோடு எழுத்தைச் சேர்ப்பது. அப்படித் திருச்சி-மதுரை-தூத்துக்குடி சாலை 45பி ஆனது. விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் செல்வது 45சி ஆனது. மற்றொன்று, வரிசையின் கடைசியில் புது எண் தருவது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி, கரூர், கோவை வழியாக ஊட்டி ஏறிக் குண்டலுப்பேட்டை வரை சென்ற சாலைக்கு 67 கிடைத்தது. இன்னும் பின்னால் வந்தவை இருநூறுகளில் நின்றன. திருச்சி-புதுக்கோட்டை-காரைக்குடி-ராமநாதபுரம் 210, திருச்சி-சிதம்பரம் 227. இவ்வாறு பழைய எண்ணைப் பார்த்தாலே அந்தச் சாலை எந்தத் தலைமுறையில் தேசியத் தகுதி பெற்றது என்று சொல்லிவிடலாம். திருச்சியில் 45ஐவிட 67 இளையது. 67ஐவிட 210 இளையது.

2010: வெட்டி ஒட்டப்பட்ட சாலைகள்

2010 மார்ச் 5 நாளிட்ட அறிவிக்கை இந்த வரிசையைக் கலைத்துப் புதிதாக அடுக்கியது. விதி எளியது. வடக்கு-தெற்காக ஓடும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். அது கிழக்கிலிருந்து மேற்காகக் கூடும். கிழக்கு-மேற்காக ஓடும் சாலைகளுக்கு ஒற்றைப்படை எண். அது வடக்கிலிருந்து தெற்காகக் கூடும். மூன்றிலக்க எண் கிளைச்சாலை. அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் தாய்ச் சாலையையும் முதல் இலக்கம் எத்தனையாவது கிளை என்பதையும் காட்டும். அமெரிக்காவில் 1926இல் இதே போன்ற முறை வந்தது. ஆனால் அங்கே ஒற்றைப்படை வடக்கு-தெற்குக்கு, இரட்டைப்படை கிழக்கு-மேற்குக்கு. பிரிட்டனில் லண்டனை மையமாக வைத்துக் கடிகாரச் சுற்றில் ஏ1 முதல் ஏ6 வரை எண்ணினார்கள்.

தமிழ்நாட்டில் இந்த விதியைக் கண்ணால் பார்க்கலாம். கடற்கரையை ஒட்டிச் சென்னையிலிருந்து இறங்குவது 32. அதற்கு மேற்கே கும்பகோணம், தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியாக மானாமதுரை செல்வது 36. அதற்கும் மேற்கே திருச்சி வழியானது 38. சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாகக் கன்னியாகுமரிக்கு இறங்குவது 44. குறுக்கே பார்த்தால் வடக்கே 81, அடுத்து 83, அதற்குத் தெற்கே கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தொண்டி செல்லும் 85, அதற்கும் தெற்கே ராமேசுவரம் செல்லும் 87. கையில் வரைபடம் இல்லாத ஓட்டுநரும் 83லிருந்து 85க்கு வந்தால் தெற்கே இறங்கியிருக்கிறோம் என்று உணரலாம். இந்தத் தெளிவு பழைய முறையில் இல்லை.

ஆனால் இந்தத் தெளிவுக்குத் திருச்சியில் கொடுக்கப்பட்ட விலை பெரியது. இங்கே சந்தித்த பழைய சாலைகள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஊரில் வெட்டப்பட்டு வேறொன்றோடு ஒட்டப்பட்டன. பழைய 45இன் விழுப்புரம்-திருச்சிப் பகுதி, பழைய 45பியோடு சேர்ந்து வேலூரிலிருந்து திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி செல்லும் 38 ஆனது. அதே 45இன் திருச்சி-திண்டுக்கல் பகுதி 83க்குப் போனது. பழைய 67 திருச்சியில் இரண்டாகத் துண்டானது. அதன் கிழக்குப் பாதி, நாகப்பட்டினம் வரை, 83. மேற்குப் பாதி, கரூர் வழியாகக் கோவை வரை, 81. சிதம்பரம் சென்ற 227 இந்த 81இன் கிழக்குப் பாதியாயிற்று. இப்போது 81, 83 இரண்டும் கோவையில் பிரிகின்றன. ஒன்று கரூர் வழியாகவும் மற்றொன்று பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வழியாகவும் வந்து திருச்சியில் சந்திக்கின்றன. பிறகு ஒன்று சிதம்பரத்துக்கும் மற்றொன்று நாகப்பட்டினத்துக்கும் பிரிகின்றன. புதுக்கோட்டைச் சாலை 36இன் மூன்றாம் கிளையாக 336 என்று எண்ணப்பட்டது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாகத் தஞ்சாவூர் செல்வது முதல் கிளை, 136.

இதனால் நேர்ந்த ஓர் இழப்பைக் குறிப்பிட்டாக வேண்டும். சென்னையிலிருந்து திருச்சி வரை ஒரே எண்ணில் வந்த சாலை இன்று மூன்று எண்களில் வருகிறது. திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, பிறகு 38. மாநிலத் தலைநகரையும் மாநிலத்தின் நடு ஊரையும் இணைக்கும் சாலை, தமிழ்நாட்டில் மிகுதியாகப் பயணம் நடக்கும் சாலைகளுள் ஒன்று. வரைபடத்தின் ஒழுங்குக்காக அதன் ஒருமை கலைக்கப்பட்டது. '45' என்று சொன்னால் புரிந்துகொண்ட லாரி ஓட்டுநர்கள் இப்போது எண்ணைச் சொல்வதில்லை, ஊரைச் சொல்கிறார்கள். சாலையோரக் கடைப்பலகைகளிலும் பழைய ஆவணங்களிலும் 45 தங்கிவிட்டது. பத்திரங்களிலும் வழக்குக் கட்டுகளிலும் பழைய எண் இருக்கும்போது, புதிய பலகையில் பழைய எண்ணையும் சிறிதாக எழுதிவைப்பது பெரிய செலவல்ல. அதைச் செய்யாமல் விட்டது குறைதான்.

மாநில எண்கள்

மாநில நெடுஞ்சாலைகளின் எண்ணில் திசை விதி இல்லை. வரிசை எண் மட்டுமே உண்டு. எனினும் சிறிய எண்களில் நில ஒழுங்கு ஒன்று தெரிகிறது. கல்லணையில் தொடங்கித் திருவையாறு, மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் வரை காவிரியோடு செல்லும் சாலை 22. மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் செல்வது 23. திருச்சி-நாமக்கல் 25. காவிரிப் படுகையின் முக்கியச் சாலைகள் அடுத்தடுத்த எண்களைப் பெற்றிருக்கின்றன. துறையூர்ச் சாலையின் 62, முசிறியில் தொடங்கிக் குளித்தலை, புதுக்கோட்டை, ஆலங்குடி, பேராவூரணி வழியாகச் சேதுபாவாசத்திரத்தில் கடலைத் தொடும் சாலையின் 71 ஆகியவற்றுக்கு வரும்போது அந்த ஒழுங்கு தளர்கிறது. மாவட்டச் சாலைகள் தகுதி உயரும்போது கடைசி எண்ணுக்கு அடுத்ததைப் பெறுவதால் இருநூறைத் தாண்டிய எண்கள் மாநிலம் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன.

71 தனியாகக் கவனிக்கத் தக்கது. திருச்சிக்கு மேற்கே காவிரியின் தென்கரையில் தேசிய 81, வடகரையில் மாநில 25 என இரண்டு சாலைகள் ஆற்றைப் பார்த்தபடி ஓடுகின்றன. முசிறிக்கும் குளித்தலைக்கும் இடையேயான பாலத்தில் 71 அவற்றைக் கோர்க்கிறது. மத்திய அரசின் சாலையும் மாநில அரசின் சாலையும் ஒரே ஆற்றின் இரு கரையில் இணையாகச் செல்வதால் இரண்டின் அகலமும் பராமரிப்பும் எப்படி வேறுபடுகின்றன என்பதை அந்தப் பாலத்தைக் கடந்து ஒரே நாளில் பார்த்துவிடலாம். வடகரைச் சாலை குணசீலம் போன்ற தலங்களையும் வாழைத் தோட்டங்களையும் ஒட்டிச் செல்கிறது. உள்ளூர்ப் பேருந்தும் வாழைத்தார் ஏற்றிய வண்டியும் அதற்கு முதன்மை. நெடுந்தூர வாகனத்துக்கென வடிவமைக்கப்பட்ட சாலையின் அளவுகோலால் அதை அளப்பது பொருந்தாது.

ஒரு மாநிலச் சாலை தேசியத் தகுதி பெற்றால் அதன் மாநில எண் காலியாகிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலை மாநில நெடுஞ்சாலை 49 என்றே நெடுநாள் அறியப்பட்டது. அதன் மாமல்லபுரம்-புதுச்சேரிப் பகுதி இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ. மாறாகத் தேசியச் சாலைக்குப் புறவழி அமைந்தால், ஊருக்குள் போகும் பழைய பகுதி மாநிலத்தின் கைக்கு வரும். ஸ்ரீரங்கம் தீவு அந்த இரண்டாம் மாற்றத்தின் நேரடிச் சான்று.

தீவின் குறுக்கே

பழைய சென்னைச் சாலை நம்பர் 1 டோல்கேட்டிலிருந்து கொள்ளிடம் பாலத்தில் ஏறி, திருவானைக்காவல் வழியாக மாம்பழச்சாலைக்கு வந்து, காவிரிப் பாலத்தைக் கடந்து சிந்தாமணியில் நகருக்குள் நுழைந்தது. கொள்ளிடத்தில் 1928இல் திறக்கப்பட்ட பாலமும் காவிரியில் 1976இல் திறக்கப்பட்ட பாலமும் பல ஆண்டுகள் தேசிய நெடுஞ்சாலையின் சுமையையும் ஸ்ரீரங்கத்துக்கு வரும் பக்தர்களின் கூட்டத்தையும் சேர்த்தே தாங்கின. வைகுண்ட ஏகாதசியன்று இரண்டும் ஒரே தார்ச்சாலையில் மோதிக்கொள்ளும் நிலை இருந்தது.

பிறகு சஞ்சீவி நகர் அருகே காவிரியைக் கடந்து, திருவானைக்காவலுக்குக் கிழக்கே தீவைத் தாண்டிக் கொள்ளிடத்தைக் கடக்கும் புறவழிச்சாலை வந்தது. 45 என்ற எண்ணும், பின்னர் 38 என்ற எண்ணும் அதோடு போயின. உள்ளே இருக்கும் சாலையும் பாலங்களும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பாயின. கொள்ளிடத்தில் புதிய பாலம் 2016இல் திறக்கப்பட்டது. போக்குவரத்து நிறுத்தப்பட்ட 1928ஆம் ஆண்டுப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தன. காவிரிப் பாலத்தின் இணைப்புகளும் தாங்கிகளும் தேய்ந்துபோனதால் 2022 நவம்பரில் அது மூடப்பட்டு, பழுதுபார்க்கப்பட்டு, 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. மூடியிருந்த மாதங்களில் ஸ்ரீரங்கத்துக்குப் போக வேண்டிய பேருந்துகளும் கார்களும் தேசிய நெடுஞ்சாலையின் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போயின. எண் வேறு, துறை வேறு, நிதி வேறு என்றாலும் ஆற்றைக் கடப்பவருக்கு இரண்டும் ஒரே தேவை என்பதை அந்த மாதங்கள் காட்டின. பழைய பாலத்துக்கு அருகிலேயே இன்னொரு பாலம் கட்டும் பணியையும் மாநிலத் துறையே மேற்கொண்டது.

கல்லில் இருக்கும் எண்

சாலையின் வகையை அறியப் பலகை தேவையில்லை. கிலோமீட்டர் கல்லின் தலை போதும். மஞ்சள் தலை தேசியச் சாலை, பச்சைத் தலை மாநிலச் சாலை. கரூர்ச் சாலையில் மஞ்சளும் நாமக்கல் சாலையில் பச்சையும் தெரியும். கிலோமீட்டர்க் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று எண்ணிட்ட சிறு கற்கள் நிற்கும். பொறியாளர்கள் 'கி.மீ. 12/600' என்று எழுதினால் பன்னிரண்டாம் கல்லைத் தாண்டி 600 மீட்டர் என்று பொருள். சிறுபாலம், ஓரத்து மரம், விபத்து நடந்த இடம் என எல்லாமே இந்தக் கணக்கில்தான் பதிவாகின்றன. மைலும் பர்லாங்கும் வழக்கில் இருந்த காலத்திலும் முறை இதுவே. 1956இல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்த பிறகு கற்கள் மாறின.

தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001, எந்தச் சாலையையும் நெடுஞ்சாலை என அறிவிக்கவும் வகைப்படுத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. மாநிலத்தின் பொறுப்பில் 11,000 கிலோமீட்டருக்கு மேல் மாநில நெடுஞ்சாலைகள் இருக்கின்றன. ஆயினும் அவற்றின் எண்கள் கோட்டப் பொறியாளர் அலுவலகக் கோப்பில் இருக்கும் அளவுக்குச் சாலையோரத்தில் இல்லை. திருச்சி மாவட்டத்தில் 38, 81, 83 ஆகிய எண்கள் பெரிய பச்சைப் பலகைகளில் ஊர்ப்பெயரோடு தெரிகின்றன. 25, 62, 71 ஆகியவற்றைத் தேடினால் கல்லில்தான் கிடைக்கும், அதுவும் வெள்ளை அடித்த புதிதில். அவசர ஊர்தியை அழைப்பவர் தான் நிற்கும் இடத்தைச் சொல்ல 'மாநில நெடுஞ்சாலை 25, இத்தனையாவது கல்' என்பதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. அதற்கு அந்த எண் கண்ணில் பட வேண்டும். சாலைகள் பிரியும் இடங்களிலாவது, குறைந்தபட்சம் நம்பர் 1 டோல்கேட்டிலும் முசிறி கைகாட்டியிலும், மாநில எண்ணை ஊர்ப்பெயரின் அளவுக்கே பெரிதாகத் தமிழில் எழுதிவைப்பது மாவட்ட அளவிலேயே முடியக்கூடிய வேலை.